பாக்கியைக் கேட்கும் ஆங்கிலம்

தமிழில் பாக்கி கேட்பதற்கு நமது வியாபாரிகளுக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. புறக்கோட்டையில் கடைப் பையனாக நின்று பழகியவருக்கே அந்தக் கலை கைவந்துவிடும். "ஹாஜியார், எப்படி சுகம்? புள்ளைகள் எல்லாம் நல்லமா? அந்தப் பழைய கணக்கு ஒண்டு அப்படியே கிடக்குது. வெள்ளிக்கிழமைக்கு முந்திப் பார்த்துத் தந்தீங்கண்டா பெரிய உதவி" என்று சொல்லிவிட்டு, கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுவார். இந்தப் பேச்சுக்குள் மரியாதை இருக்கிறது, எந்தக் கணக்கு என்பது இருக்கிறது, நாளும் இருக்கிறது. கேட்டவருக்குக் கோபமும் வராது, வெள்ளிக்கிழமையையும் மறக்க மாட்டார்.

அதே மனிதர் ஒரு பெரிய ஹோட்டலுக்கோ கொம்பனிக்கோ ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் ஆளே மாறிவிடுகிறார். ஒன்றில் யாசகம் கேட்பவராகிவிடுகிறார், இல்லாவிட்டால் பொலிஸ்காரராகிவிடுகிறார். ‘மோஸ்ட் ரெஸ்பெக்டட் சேர், ஐ பெக் டு ஸ்டேட்’ என்று தொடங்கி, அரைப் பக்கம் தாண்டியும் காசு என்ற சொல்லே வராத கடிதங்களைப் பார்த்திருக்கிறேன். ‘யூ ஹேவ் நொட் பெய்ட். பே இம்மீடியட்லி’ என்று இரண்டே வரியில் முடிந்த கடிதங்களையும் பார்த்திருக்கிறேன். முதலாவதைப் படித்தவருக்கு இவருக்கு என்ன வேண்டும் என்று விளங்கவில்லை. இரண்டாவதைப் படித்தவர் அடுத்த ஓடரை வேறு கடைக்குக் கொடுத்துவிட்டார்.

என்னைப் போல பாடசாலையோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, கடையில் நின்றே ஆங்கிலம் பழகியவர்களுக்காகத்தான் இந்த வாரக் கட்டுரை. இலக்கணம் சொல்லித்தரும் தகுதி எனக்கில்லை. காசு கேட்கும் கடிதத்தில் எந்தச் சொல் என்ன வேலை செய்கிறது என்பதை மட்டும், முப்பது வருடங்களாகக் கடிதம் அனுப்பியும் வாங்கியும் கண்ட அளவில் சொல்கிறேன்.

முதலில் அந்தக் கடிதத்தைப் படிப்பவர் யார் என்று யோசியுங்கள். ஹாஜியாரிடம் கேட்கும்போது காசு கொடுப்பவரே நம் முன்னால் இருக்கிறார். கொம்பனிக்கு எழுதும் கடிதம் முதலாளியின் மேசைக்குப் போவதே இல்லை. கணக்குப் பிரிவில் நூற்றுக்கணக்கான பில்களுக்கு நடுவே இருக்கும் ஓர் இளம் உத்தியோகத்தரிடம்தான் போகிறது. உங்கள் குடும்பக் கஷ்டமும் அவருக்குத் தேவையில்லை, கோபமும் தேவையில்லை. அவருக்குத் தேவையானது இன்வொய்ஸ் இலக்கம், அவர்கள் தந்த பர்ச்சேஸ் ஓடர் இலக்கம், சரக்கைப் பொறுப்பேற்றபோது அவர்களது ஸ்டோர்ஸ் எழுதிய ஜீஆர்என் சீட்டு. இந்த மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தினால்தான் காசோலை எழுதப்படும். பல இடங்களில் காசு தாமதமாவதற்குக் காரணம் கெட்ட எண்ணமல்ல. ஜீஆர்என் ஸ்டோர்ஸிலேயே கிடந்திருக்கும், அல்லது நமது பில்லில் ஓடர் இலக்கம் எழுதப்பட்டிருக்காது. அப்படியான இடத்துக்கு எவ்வளவு உருக்கமாக எழுதினாலும் காசு வராது. இலக்கத்தை எழுதினால் வரும்.

ஆகவே கடிதத்தின் முதல் வசனத்திலேயே எந்தப் பில், எந்தத் திகதி, எவ்வளவு தொகை, எப்போது கட்ட வேண்டியிருந்தது என்ற நான்கும் வந்துவிட வேண்டும். உதாரணமாக, ஜூன் 3ஆம் திகதி முப்பது நாள் தவணையில் 186,500 ரூபாவுக்குத் துணி கொடுத்திருக்கிறீர்கள், தவணை முடிந்து ஒரு கிழமையாகிறது என்று வைத்துக்கொள்வோம். நான் எழுதுவதானால் இப்படி எழுதுவேன்:

‘அவர் இன்வொய்ஸ் நம்பர் 1147, டேட்டட் 3 ஜூன், ஃபோர் ரூபீஸ் 186,500, வோஸ் டியூ ஒன் 3 ஜூலை. வீ ஹேவ் நொட் யெட் ரிசீவ்ட் த பேமன்ட். ப்ளீஸ் லெட் அஸ் நோ பை ஃப்ரைடே, 12 ஜூலை, வென் வீ கேன் எக்ஸ்பெக்ட் இட். இஃப் யூ ஹேவ் ஒல்ரெடி பெய்ட், ப்ளீஸ் இக்னோர் திஸ் லெட்டர்.’

நான்கே வசனங்கள். இதில் ‘வீ ஹேவ் நொட் யெட் ரிசீவ்ட்’ என்பதைக் கவனியுங்கள். ‘யூ ஹேவ் நொட் பெய்ட்’ என்றால் நீங்கள் கட்டவில்லை என்று விரலை நீட்டுவது. ‘எங்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை’ என்றால் நமது பக்கத்து நிலைமையைச் சொல்வது. அவர்கள் வங்கியில் போட்டிருக்கலாம், காசோலை தபாலில் இருக்கலாம், நமது பையனே வாங்கி லாச்சியில் போட்டுவிட்டு மறந்திருக்கலாம். கட்டிய மனிதரிடம் ‘நீ கட்டவில்லை’ என்று எழுத்தில் சொல்லிவிட்டால் பிறகு எத்தனை ‘சொரி’ எழுதினாலும் அந்தக் கறை போகாது. தமிழிலும் நாம் ‘நீங்க தரல்ல’ என்று சொல்வதில்லை, ‘இன்னும் கைக்கு வரல்ல’ என்றுதான் சொல்கிறோம். அதை ஆங்கிலத்துக்கும் கொண்டுபோனால் போதும்.

மூன்றாவது வசனம் இன்னும் முக்கியமானது. அது காசை மட்டும் கேட்கவில்லை, ஒரு பதிலைக் கேட்கிறது. ‘வென் வீ கேன் எக்ஸ்பெக்ட் இட்’ என்று கேட்டால் கணக்குப் பிரிவில் இருப்பவர் ஒரு திகதியைச் சொல்லியாக வேண்டும். சொன்ன பிறகு அது அவரது வாக்கு. அடுத்த தடவை தொலைபேசியில், ‘நீங்கள் 20ஆம் திகதி என்று எழுதியிருந்தீர்கள்’ என்றுதான் பேச்சைத் தொடங்குவீர்கள். இங்கே கெஞ்சலும் இல்லை, மிரட்டலும் இல்லை.

இப்போது நாம் பழக்கத்தில் எழுதும் சில சொற்களைப் பார்ப்போம். ‘அட் யுவர் ஏர்லியஸ்ட் கன்வீனியன்ஸ்’ என்று எழுதாத வியாபாரி இல்லை. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. பொருள் என்ன? உங்களுக்கு வசதிப்படும் முதல் சந்தர்ப்பத்தில் என்பதே. வசதி எப்போது வரும் என்பதைத் தீர்மானிப்பவர் யார்? காசு கொடுக்க வேண்டியவர்தான். நாமே அவர் கையில் கலண்டரைக் கொடுத்துவிட்டு, பிறகு தாமதம் என்று அழுகிறோம். ‘ஏஸ் சூன் ஏஸ் பொசிபிள்’ என்பதும் இதன் தம்பிதான். இரண்டையும் வெட்டிவிட்டு ஒரு திகதியை எழுதுங்கள். மாதத்தைச் சொல்லில் எழுதுவது நல்லது. 5/7 என்றால் நமக்கு ஜூலை 5, அமெரிக்காவில் இருக்கும் வாடிக்கையாளருக்கு மே 7.

‘கைண்ட்லி டூ த நீட்ஃபுல்’ என்ற வசனத்தை நமது நாட்டிலும் இந்தியாவிலும் எல்லோரும் எழுதுகிறார்கள். ஆவன செய்யவும் என்று அரசாங்கக் கடிதங்களில் வருமே, அந்த வகை. என்ன ஆவன? யார் செய்வது? எப்போது? ஒன்றும் இல்லை. உள்ளூரில் சமாளிக்கலாம். வெளிநாட்டு வாடிக்கையாளர் இதைப் பார்த்துத் தலையைச் சொறிவார். ‘ப்ளீஸ் ரிவேர்ட்’ என்பதும் இப்படித்தான். பதில் தாருங்கள் என்ற பொருளில் நாம் எழுதுகிறோம். இங்கிலாந்து ஆங்கிலத்தில் அந்தச் சொல்லின் வழமையான பொருள் பழைய நிலைக்குத் திரும்புதல். ‘ப்ளீஸ் ரிப்ளை’ என்று பள்ளிக்கூடத்தில் படித்ததையே எழுதினால் ஒரு பிழையும் இல்லை.

‘கைண்ட்லி’ என்ற சொல்லைப் பற்றி ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது. தவறில்லை, எழுதலாம். ஒரு கடிதத்தில் ஒரு தடவை போதும். ஐந்து இடத்தில் ‘கைண்ட்லி’ போட்டால் மரியாதை கூடுவதில்லை, பயம்தான் தெரிகிறது.

‘அவுட்ஸ்டேண்டிங்’ என்ற சொல்லுக்கு இரண்டு முகம். சிறப்பான என்றும் பொருள், கட்டாமல் நிற்கும் என்றும் பொருள். கணக்குப் பிரிவுக்கு அது விளங்கும், பயமில்லாமல் எழுதலாம். ஆனால் ‘டியூ’ என்பதையும் ‘ஒவர்டியூ’ என்பதையும் நமது கடைகளில் ஒன்றாகவே போட்டு எழுதுகிறார்கள். தவணை நாள் வந்துவிட்டால் ‘டியூ’. தவணை நாள் கடந்துவிட்டால்தான் ‘ஒவர்டியூ’. முப்பது நாள் கடன் கொடுத்துவிட்டு இருபத்தைந்தாம் நாள் ‘ஒவர்டியூ’ என்று எழுதினால் அது அபாண்டம். நேர்மையாகக் கட்டும் வாடிக்கையாளரை அந்த ஒரு சொல் புண்படுத்தும். தவணைக்கு முன்னர் ஞாபகப்படுத்த வேண்டுமென்றால் ஸ்டேட்மன்ட் ஒஃப் எக்கவுன்ட் ஒன்றை அனுப்பி, ‘டியூ ஒன் 3 ஜூலை’ என்று காட்டினால் போதும். அது கேட்பதாகவும் இருக்காது, கேட்காததாகவும் இருக்காது.

இதே இடத்தில் இன்னொன்று. தவணையை எதிலிருந்து எண்ணுவது? ‘தேர்ட்டி டேய்ஸ் கிரெடிட்’ என்று மட்டும் பில்லில் இருந்தால், நாம் பில் திகதியிலிருந்து எண்ணுவோம், அவர்கள் சரக்குக் கிடைத்த நாளிலிருந்து எண்ணுவார்கள், சில கொம்பனிகள் அந்த மாதம் முடிந்த பிறகு எண்ணத் தொடங்கும். ‘தேர்ட்டி டேய்ஸ் ஃப்ரொம் டேட் ஒஃப் இன்வொய்ஸ்’ என்று முழுதாக அச்சடித்துவிட்டால் ஒரு மாதச் சண்டை மிச்சம். கடனை எழுதிக்கொள்ளச் சொல்லும் சூரத்துல் பகராவின் 282ஆம் வசனம், குர்ஆனிலேயே மிக நீளமான வசனம். அதுவும் குறித்த தவணைக்குக் கொடுக்கும் கடனைப் பற்றியே பேசுகிறது. தவணையைக் குறிப்பது நாகரிகக் குறைவு என்று நினைக்கும் நம்மவர்கள் இதைச் சற்றுச் சிந்திக்க வேண்டும்.

கடிதத்துக்குப் பதில் வரவில்லை என்றால் அடுத்தது என்ன? இங்கேதான் பலர் ஒரேயடியாக உச்சிக்கு ஏறிவிடுகிறார்கள். இரண்டாவது கடிதத்திலேயே ‘ஃபைனல் ரிமைண்டர்’. அதற்கும் பதிலில்லை. அடுத்த மாதம் மறுபடியும் ‘ஃபைனல் ரிமைண்டர்’. மூன்று ‘ஃபைனல்’ வந்த கடையை அந்தக் கணக்குப் பிரிவு மதிக்குமா? அந்தச் சொல்லை ஒரு பில்லுக்கு ஒரு தடவைதான் எழுதலாம். எழுதினால், அதற்குப் பிறகு என்ன செய்வோம் என்று சொன்னீர்களோ அதைச் செய்தாக வேண்டும். செய்ய மனமில்லாவிட்டால் எழுதாதீர்கள். ‘செகண்ட் ரிமைண்டர்’ என்று எழுதி முதல் கடிதத்தின் திகதியைக் குறிப்பிடுவதே அழுத்தமாக இருக்கும்.

‘டிமாண்ட்’ என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். ‘ரிக்வெஸ்ட்’ என்றால் கேட்டுக்கொள்வது, ‘டிமாண்ட்’ என்றால் உரிமையோடு வற்புறுத்துவது. ‘லெட்டர் ஒஃப் டிமாண்ட்’ என்பது நமது நாட்டில் வழக்குத் தொடர முன்னர் சட்டத்தரணி மூலம் அனுப்பும் கடிதத்தின் பெயர். சாதாரண ஞாபகக் கடிதத்தில் ‘வீ டிமாண்ட்’ என்று எழுதினால், வாங்கியவர் அதைத் தமது சட்டத்தரணியிடம் கொடுத்துவிடுவார். அதற்குப் பிறகு அந்த இரண்டு கடைகளுக்கும் இடையில் ஸலாம்கூட இருக்காது. ‘லீகல் எக்‌ஷன்’ என்ற சொல்லும் அப்படியே. சட்டத்தரணியிடம் உண்மையாகவே போகத் தீர்மானித்த நாளன்று எழுதுங்கள்.

சிலர் எங்கோ பார்த்துவிட்டுக் கடிதத்தின் தலைப்பில் ‘வித்தவுட் பிரெஜுடிஸ்’ என்று போடுகிறார்கள். கம்பீரமாக இருக்கிறதாம். சமரசத்துக்காக நான் விட்டுக்கொடுத்துப் பேசுவதை நாளை வழக்கில் எனக்கு எதிராகக் காட்டக்கூடாது என்பதற்காகச் சட்டத்தரணிகள் எழுதும் சொல் அது. பாதித் தொகைக்கு இணங்குகிறேன் என்று எழுதும் கடிதத்துக்குப் பொருந்தும். நாளைக்கு நீதிமன்றத்தில் காட்ட வேண்டிய சாதாரண ஞாபகக் கடிதத்தின் தலையில் அதைப் போட்டால், நாமே நமது அத்தாட்சிக்கு முட்டுக்கட்டை போடுவதாகிவிடும்.

நீதிமன்றம் என்று வந்துவிட்டதால், நம்மில் பலர் கவனிக்காத ஒரு விடயத்தைச் சொல்லியாக வேண்டும். இலங்கையில் 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவதிக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. விற்றுக் கொடுத்த சரக்குக்கும் கடைப் பில்லுக்கும் புத்தகக் கடனுக்கும், காசு கொடுக்க வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் வழக்குத் தொடர வேண்டும் என்பது அதிலுள்ள விதி. எழுத்து மூல ஒப்பந்தத்துக்கு ஆறு வருடம் இருக்கிறது. ஆனால் நம்மில் எத்தனை பேர் ஒப்பந்தம் எழுதிக்கொண்டு சரக்குக் கொடுக்கிறோம்? ‘தெரிந்த மனிதர்தானே, தருவார்’ என்று பதினான்கு மாதம் பொறுத்திருந்துவிட்டுச் சட்டத்தரணியிடம் போனால், அவர் முதலில் பார்ப்பது திகதியைத்தான்.

அதே சட்டத்தில் ஒரு வழியும் இருக்கிறது. கடன்பட்டவர் தமது கையொப்பத்தோடு கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ, ஒரு பகுதியைக் கட்டினாலோ, காலக்கணக்கு அங்கிருந்து புதிதாகத் தொடங்கும். இப்போது மேலே நான் எழுதிக் காட்டிய கடிதத்தை இன்னொரு தடவை படியுங்கள். ‘எப்போது எதிர்பார்க்கலாம் என்று அறியத் தாருங்கள்’ என்ற கேள்விக்கு அவர்கள், ‘இன்வொய்ஸ் 1147க்கான காசோலை 20ஆம் திகதி தரப்படும்’ என்று கொம்பனித் தாளில் கையொப்பமிட்டு ஒரு வரி பதில் எழுதினால், அந்த வரியின் பெறுமதி என்னவென்று விளங்கும். ‘பே இம்மீடியட்லி’ என்ற கடிதத்துக்கு யாரும் அப்படிப் பதில் எழுத மாட்டார்கள். மின்னஞ்சல், வட்ஸ்அப் பதில்களையும் அழிக்காமல் வைத்திருங்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் இலத்திரனியல் ஆவணங்களுக்குச் சட்ட அங்கீகாரம் கொடுத்திருக்கிறது. உங்கள் விவகாரத்துக்கு எது செல்லும் எது செல்லாது என்பதைச் சட்டத்தரணியிடமே கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் பத்தாவது மாதத்தில் கேளுங்கள், பதினைந்தாவது மாதத்தில் அல்ல.

இனி, நமது சொந்தப் பில் புத்தகத்தை ஒரு தடவை திறந்து அடியில் பொடி எழுத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அச்சகத்தில் மாதிரி கேட்டால் ஏற்கெனவே யாருக்கோ அடித்த பில்லை எடுத்துக் காட்டுவார்கள். பெயரை மட்டும் மாற்றி அடித்துக்கொண்டு வந்துவிடுகிறோம். அதில் ‘ஈ என்ட் ஓ ஈ’ என்றிருக்கும். எரர்ஸ் என்ட் ஒமிஷன்ஸ் எக்செப்டட் என்பதன் சுருக்கம் அது. கணக்கில் பிழையோ விடுபட்டதோ இருந்தால் திருத்திக்கொள்ளும் உரிமையை வைத்துக்கொள்கிறோம் என்று பொருள். நல்லது, இருக்கட்டும். அதற்குக் கீழேதான் பல பில்களில் ‘இன்ட்ரஸ்ட் அட் டூ பெர்சன்ட் பெர் மந்த் வில் பீ சார்ஜ்ட் ஒன் ஒவர்டியூ எக்கவுன்ட்ஸ்’ என்று வருகிறது. தாமதமான பாக்கிக்கு மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டி அறவிடப்படும்!

பில்லின் மேலே 786, கீழே வட்டி. ஆங்கிலம் என்பதால் யாரும் வாசிக்கவில்லை, அவ்வளவுதான். நாங்கள் அதை ஒருநாளும் வாங்குவதில்லையே என்று சொல்லக்கூடும். வாங்காத வட்டியை எழுதி வைத்திருப்பது எதற்கு? இரண்டு பக்கத்துக்கும் அது நிபந்தனையாகத்தானே நிற்கிறது. அந்த வரியை எடுத்துவிட்டு, ‘ஃபர்தர் சப்ளைஸ் வில் பீ ஒன் கேஷ் பேசிஸ் அன்டில் ஒவர்டியூ இன்வொய்சஸ் ஆர் செட்டில்ட்’ என்று போடலாம். பழைய பாக்கி தீரும்வரை இனி வரும் சரக்கு கைக்காசுக்குத்தான் என்பது அதன் பொருள். இதில் வட்டியும் இல்லை, வியாபாரிக்கு வட்டியைவிட இதுதான் உறைக்கும். தாமதக் கட்டணம் வாங்கித் தர்மத்துக்குக் கொடுப்பது, முன்கூட்டியே கட்டினால் கழிவு கொடுப்பது போன்றவற்றில் கருத்து வேறுபாடுகள் உண்டு. அச்சடிக்க முன்னர் உங்கள் ஊர் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மார்க்கம் என்றதும் சிலர் வேறொரு கேள்வி கேட்பார்கள். இப்படியெல்லாம் திகதி போட்டு நெருக்குவது சரியா, கஷ்டத்தில் இருப்பவருக்குத் தவணை கொடுக்கச் சொல்லியிருக்கிறதே என்று. ஆம், அதே பகரா சூராவின் 280ஆம் வசனம் அதைத்தான் சொல்கிறது. ஆனால் அது கஷ்டத்தில் இருப்பவருக்கு. வசதி இருந்தும் இழுத்தடிப்பதை நபியவர்கள் (ஸல்) அநியாயமாகவே கண்டார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டு கிரந்தங்களிலும் வரும் இன்னொரு சம்பவமும் இருக்கிறது. நபியவர்களுக்கு ஒட்டகம் கடன் கொடுத்திருந்த ஒருவர் வந்து கடுமையாகப் பேசிக் கேட்கிறார். தோழர்கள் கொதித்தெழுகிறார்கள். நபியவர்களோ அவர்களைத் தடுத்து, கடன் கொடுத்தவருக்குப் பேச உரிமை உண்டு என்று உணர்த்தி, அவர் கொடுத்ததைவிட நல்ல ஒட்டகத்தைக் கொடுக்கச் செய்கிறார்கள். கடுமையாகக் கேட்டவரையே பொறுத்துக்கொண்ட மார்க்கத்தில், மரியாதையாகத் திகதி கேட்டு எழுதுவதற்குத் தயங்க வேண்டியதில்லை.

கஷ்டத்தில் இருப்பவரா, இழுத்தடிப்பவரா என்பதை அறிவதற்கும் அந்தக் கடிதமே உதவும். 2022இல் டொலர் இல்லாமல், எரிபொருள் இல்லாமல் நாடு நின்றபோது பழைய வாடிக்கையாளர்கள் பலரும் கட்ட முடியாமல் தவித்தார்கள். அப்படியானவருக்கு, ‘இஃப் யூ ஆர் அனேபிள் டு பே த ஃபுல் அமவுன்ட் நவ், ப்ளீஸ் ப்ரொபோஸ் இன்ஸ்டோல்மன்ட்ஸ்’ என்று ஒரு வரி சேர்த்தால், முழுவதையும் கட்ட முடியாவிட்டால் தவணை முறையைச் சொல்லுங்கள் என்று கதவைத் திறந்துவிடுகிறோம். கஷ்டப்படுபவர் நன்றியோடு பதில் தருவார். இழுத்தடிப்பவர் அதற்கும் பதில் தர மாட்டார். வித்தியாசம் அங்கே தெரிந்துவிடும்.

திரும்பி வந்த காசோலை பற்றி எழுதுவதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். வங்கி அதில் ‘ரிஃபர் டு ட்ரோவர்’ என்று எழுதி அனுப்பும். காசோலை எழுதியவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள் என்று பொருள். பெரும்பாலும் கணக்கில் காசு இல்லை என்பதுதான், ஆனாலும் வங்கிக்காரர் எவ்வளவு மரியாதையாகச் சொல்கிறார் பாருங்கள். நாமும் அதையே பின்பற்றலாம். ‘யுவர் செக் நம்பர் இன்னது வோஸ் ரிட்டர்ன்ட் பை த பேங்க், மார்க்ட் ரிஃபர் டு ட்ரோவர்’ என்று நடந்ததை மட்டும் எழுதுங்கள். ‘போகஸ் செக்’, ‘சீட்டிங்’, ‘ஃப்ரோட்’ என்ற சொற்கள் வேண்டாம். கணக்கில் காசில்லை என்று தெரிந்தே காசோலை கொடுப்பது சட்டப்படி குற்றம்தான். ஆனால் அதைத் தீர்மானிப்பது நீதிமன்றம், நாமல்ல. மற்றவர் பார்க்கும்படி ஒருவரை மோசடிக்காரர் என்று எழுதினால் வழக்கு நமது பக்கம் திரும்பவும் கூடும். சங்கத்து வட்ஸ்அப் குரூப்பில் பெயர் போட்டு எழுதுகிறவர்கள் இதைக் கவனத்தில் கொள்ளட்டும்.

வட்ஸ்அப்பைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ‘ஹாய் ப்ரோ, பேமன்ட்?’ என்று அனுப்பிவிட்டு நீல நிறச் சரி வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருப்பது வியாபாரமல்ல. கடிதத்தில் எழுதும் அதே நான்கு வசனங்களை அங்கேயும் எழுதலாம், பில்லின் படத்தையும் சேர்க்கலாம். இஷாவுக்குப் பிறகு அனுப்ப வேண்டாம்.

வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்புகிறவர்கள் ‘லேக்ஸ்’ என்று எழுதக் கூடாது. துபாயில் இருக்கும் இந்தியருக்கு விளங்கும், ஜேர்மன்காரருக்கு விளங்காது. ‘ரூபீஸ்’ என்று மட்டும் எழுதினாலும் எந்த நாட்டு ரூபா என்ற கேள்வி வரும், ஆகவே எல்கேஆர் என்று குறியுங்கள். வங்கிக் கட்டணத்தை யார் பொறுப்பது என்பதையும் பில்லிலேயே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் தொகை குறைந்தே வரும், அதற்கும் ஒரு கடிதம் எழுத வேண்டியிருக்கும்.

காசு வந்த பிறகும் ஆங்கிலம் முடிவதில்லை. பற்றுச்சீட்டில் ‘ரிசீவ்ட் வித் தேங்க்ஸ்’ என்று எழுதுகிறோம். பகுதிக் காசு வந்தால் ‘பார்ட் பேமன்ட்’ என்றும், எந்தப் பில்லுக்கு, இன்னும் எவ்வளவு நிலுவை என்றும் அதிலேயே எழுதுங்கள். காசோலையாக வந்தால் ‘சப்ஜெக்ட் டு ரியலைசேஷன்’ என்ற முத்திரை வேண்டும், காசோலை தேறினால்தான் இந்தப் பற்றுச்சீட்டு செல்லும் என்பதற்காக. மறுபக்கத்திலிருந்து ‘இன் ஃபுல் என்ட் ஃபைனல் செட்டில்மன்ட்’ என்று ஒரு கடிதத்தோடு குறைந்த தொகைக்குக் காசோலை வந்தால், இத்தோடு கணக்கு முழுதாகத் தீர்ந்தது என்று அவர் சொல்கிறார். கையில் காசு வந்த சந்தோஷத்தில் அந்தக் கடிதத்தின் பிரதியில் உடனே கையொப்பம் வைத்துவிட வேண்டாம். மிச்சத்தை விட்டுக்கொடுக்க உங்களுக்கு மனமிருந்தால் வையுங்கள். இல்லையென்றால், ‘ரிசீவ்ட் ஏஸ் பார்ட் பேமன்ட்’ என்று திருத்தி எழுதித் தரும்படி கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு காசோலையை வங்கியில் போடுங்கள்.